ஏழு மாசம் தங்குறவன் விருந்தாளியா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு செகண்ட் லாங்குவேஜ். ரெக்கார்ட் நோட்டைத் தவிர வேற எதையும் நாலு பக்கத்துக்கு மேல எழுதினதே இல்ல. அதனால இந்தக் கட்டுரையில பாதி புத்தகத் தமிழும் பாதி கேன்டீன் தமிழும் கலந்துதான் வரும். "பரவால்ல, அப்படியே அனுப்பு"ன்னு எடிட்டர் சொன்ன தைரியத்துல எழுதறேன்.

போன இதழ்ல நம்ம போட்டோகிராபி கிளப் போட்ட பூநாரைப் படங்களைப் பாத்திருப்பீங்க. செம படங்கள், மறுக்கல. தலைப்பு, 'நம் ஊருக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளிகள்'. (குஜராத்துல கட்ச் ரண்ணிலேயே பூநாரைங்க ஆயிரக்கணக்குல கூடு கட்டும், அது வேற கதை.) அந்த ட்ரிப்ல நானும் இருந்தேன். விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி, கேளம்பாக்கம் உப்பங்கழி ஓரமா ரெண்டு மணி நேரம் சேத்துல நின்னோம். படம் எடுத்து முடிச்சதும் கோவளம் வழியா இசிஆர் பிடிச்சு, டிபனுக்கு திருவிடந்தையில வண்டியை நிறுத்தினோம்.

டீக்கடைக்கு எதிர்ல ரெண்டு கரண்ட் கம்பத்துக்கு நடுவுல தொங்குற கம்பி. அதுல வரிசையா சின்னச் சின்னப் பறவைங்க. எல்லாம் ஒரே பக்கம் பாத்து, கடல் காத்துக்கு முகத்தைக் காட்டி உக்காந்திருந்துச்சு. எண்ணிப் பாத்தேன், 43. ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸை கழுத்துல மாட்டியிருந்த நண்பன் ஒரு தடவை நிமிந்து பாத்தான். "வெறும் ஸ்வாலோடா"ன்னு சொல்லிட்டு வடைக்குத் திரும்பிட்டான்.

அந்த 'வெறும்'ங்கிற வார்த்தையும் சரியில்ல, அந்த 'விருந்தாளி'ங்கிற வார்த்தையும் சரியில்லங்கிறதுதான் என் வாதம். நண்பன் கோச்சுக்க மாட்டான். வடைக்கு நான்தான் காசு குடுத்தேன்.

ஸ்வாலோ எனக்கு ஸ்கூல்லயே தெரியும். தெரியும்னு நெனச்சேன்னு சொல்றதுதான் கரெக்ட். இங்கிலீஷ் கிராமர் புக் கடைசியில பழமொழி லிஸ்ட் ஒண்ணு இருக்கும். அதுல ஒண்ணு, ஒரே ஒரு ஸ்வாலோ வந்துட்டதால கோடை வந்துட்டதா ஆகாதுன்னு. மனப்பாடம் பண்ணி, கோடிட்ட இடத்தை நிரப்பி ரெண்டு மார்க்கும் வாங்கியிருக்கேன். நம்ம ஊர்ல அந்தப் பழமொழி அப்படியே தலைகீழ்னு எந்த மிஸ்ஸும் சொல்லித் தரல. இங்கிலாந்துல இந்தப் பறவை வந்தா வெயில் காலம் ஆரம்பம். நமக்கு இது வந்தா வெயில் காலம் முடிஞ்சது, மழைக்காலம் கிட்டக்க வந்துடுச்சுன்னு அர்த்தம். ஆகஸ்ட் கடைசியில ஒண்ணு ரெண்டு தலை காட்டும். செப்டம்பர், அக்டோபர்ல கூட்டமா வந்து சேரும். மார்ச் கடைசியில கிளம்ப ஆரம்பிச்சு, அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஏறக்குறைய எல்லாம் போயிடும். நம்ம கோடையோட உச்சத்துல கம்பி காலியாத்தான் இருக்கும்.

பேரும் அப்படித்தான். இங்கிலீஷ்ல இதுக்கு பார்ன் ஸ்வாலோ. பார்ன்னா வைக்கோல், தானியம் எல்லாம் போட்டு வைக்கிற பெரிய கொட்டகை. ஐரோப்பாவில அந்தக் கொட்டகையோட உத்தரத்துல மண்ணை உருட்டி உருட்டி ஒட்டி, கிண்ணம் மாதிரி கூடு கட்டும். அதனால அந்தப் பேர். நம்ம பக்கம் இது கூடே கட்டாது. அப்புறம் என்ன கொட்டகை? தமிழ்ல இதோட பேர் தகைவிலான். இந்தப் பேரை எனக்குச் சொன்னது தமிழ்நாட்டுப் பறவைகள் பத்தின ஒரு லைப்ரரி புக். தகைதல்னா தடுத்தல், தளர்தல். தகைவு இல்லாதவன், அதாவது நிக்காம, ஓயாம போய்க்கிட்டே இருக்கிறவன். பறவையைப் பாத்துட்டு வச்ச பேர்னு படிச்சவுடனே தெரியும்.

"கம்பியில மணிக்கணக்கா உக்காந்திருக்கே, அதைப் போய் ஓயாதவன்னு சொல்லலாமா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்குத் தோணுறது இது. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்ல கம்பியே கிடையாது, தந்திக் கம்பியும் இல்ல, கரண்ட் கம்பியும் இல்ல. அந்தப் பேரை வச்ச மனுஷன் இதை வயலுக்கு மேலயும் ஏரிக்கு மேலயும் பறக்குறப்பதான் அதிகம் பாத்திருப்பான். உக்காந்து பாக்குற வசதியை நமக்குக் குடுத்தது மின்சார வாரியம். (நான் ட்ரிபிள் ஈ. கம்பியில உக்காந்தா ஷாக் அடிக்காதான்னு கேக்காதீங்க. ரெண்டு காலும் ஒரே கம்பியில, அதனால பொட்டென்ஷியல் டிஃபரென்ஸ் கிடையாது. ஃபர்ஸ்ட் இயர் வைவா கேள்வி.)

சரி, இப்ப என் தப்பை ஒத்துக்கணும். போன வருஷம் பிப்ரவரியில கேம்பஸ் பேர்ட் கவுன்ட் நடந்துச்சு. ஹாஸ்டல் மொட்டை மாடியில நின்னு, தலைக்கு மேல பறந்த கூட்டத்தைப் பாத்து 'பார்ன் ஸ்வாலோ - 60'ன்னு இபேர்ட்ல ஏத்திட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அதைச் சரிபாக்குறவர் கிட்ட இருந்து மெயில். ரொம்ப மரியாதையா, "பக்கத்துல பனைமரம் ஏதும் இருந்ததா?"ன்னு கேட்டிருந்தாரு. இருந்துச்சு. ஹாஸ்டலுக்குப் பின்னாடி ஒரு வரிசையே இருந்துச்சு. நான் எண்ணின அறுபதும் தகைவிலானே இல்ல, பனை உழவாரன். குடும்பமே வேற. ஸ்விஃப்ட்னு சொல்வாங்களே, அந்த வகை.

அந்த வெக்கத்துலதான் இதை ஒழுங்கா கத்துக்கிட்டேன். நீங்க அந்த மெயில் வாங்கக் கூடாதுன்னு சொல்றேன், கேளுங்க.

முதல் கேள்வி, உக்காந்திருக்கா பறக்குதா? கம்பியில உக்காந்திருந்தா அது உழவாரன் இல்ல. உழவாரனோட கால் செவுத்தையும் ஓலையையும் பிடிச்சுத் தொங்கத்தான் ஆகும், நம்ம கோழி மாதிரி கம்பியைச் சுத்திப் பிடிக்க வராது. பனை உழவாரன் பனையோலைக்கு அடியில எச்சிலால கூட்டை ஒட்டும். முட்டையையும் எச்சிலாலயே ஒட்டி வைக்கும், காத்துல ஓலை ஆடினாலும் விழாது. கோயில் கோபுரத்தைச் சுத்தி சாயங்காலம் கீச்சுக் கீச்சுனு கத்திட்டு வட்டம் போடுதே, வால் கட்டையா, முதுகோட கடைசியில வெள்ளைத் திட்டோட? அது நாட்டு உழவாரன். அதுவும் கம்பியில உக்காராது.

அடுத்தது, கம்பியில உக்காந்திருக்கு, வாலும் ரெண்டாப் பிரிஞ்சிருக்கு, உடம்பு முழுக்கக் கறுப்புன்னா அது கரிச்சான். எங்க பெரியம்மா இரட்டைவால் குருவின்னு சொல்வாங்க. ஆள் பெருசு, தனியா உக்காந்து காக்காவையே விரட்டுற ரவுடி. அதையும் ஸ்வாலோன்னு இன்ஸ்டாவில போட்டவங்க நம்ம காலேஜ்லயே இருக்காங்க. பேர் சொல்லல.

தகைவிலானுக்கு முதுகு கருநீலம். வெயில் பட்டா ஸ்டீல் மாதிரி மின்னும். நெத்தியும் தொண்டையும் செங்கல் கலர். தொண்டைக்குக் கீழ நீலக் கறுப்புல ஒரு பட்டை, நெஞ்சுக்குக் குறுக்கா. அதுக்குக் கீழ வயிறு கோடு எதுவும் இல்லாம வெளுப்பா இருக்கும். இந்தக் 'கோடு இல்லாம' முக்கியம். ஏன்னா செம்பிட்டத் தகைவிலான்னு இன்னொண்ணு இருக்கு. அதுக்கு முதுகோட கடைசிப் பகுதி செம்மண் நிறம், நெஞ்சுல பென்சில் கிறுக்கல் மாதிரி மெல்லிய கோடுங்க. அது பாலத்துக்கு அடியிலயும் பழைய மண்டபத்துலயும் குடுவை மாதிரி, குழாய் வாசல் வச்சு மண்ணுல கூடு கட்டும். நெத்தி மட்டும் இல்லாம தலை உச்சியே செம்பழுப்பு, தொண்டையில இருந்து கீழ எல்லாம் சுத்த வெள்ளை, வால்ல ரெண்டு ஊசி மாதிரி கம்பின்னா அது கம்பிவால் தகைவிலான். அது தண்ணி பக்கத்துலயே இருக்கும்.

பறக்குறப்ப பாக்க வேண்டியது உயரமும் நடையும். உழவாரன் அருவா மாதிரி வளைஞ்ச விறைப்பான இறக்கையோட உயரத்துல படபடன்னு போகும். தகைவிலான் தாழ வரும், புல் நுனி உரசுற அளவுக்கு. நாலு அடி அடிச்சு, வழுக்கிட்டுப் போய், படக்குனு திரும்பும். அந்தத் திருப்பத்துல வால் விரியுறப்ப உள்பக்கம் வெள்ளைப் புள்ளி வரிசை ஒண்ணு தெரியும். அதைப் பாத்துட்டா அப்புறம் சந்தேகமே வேண்டாம். திருவிடந்தை கோயில் குளத்துல சாயங்காலம் நின்னா, பறந்துட்டே வாயால தண்ணியைக் கீறிக் குடிச்சுட்டுப் போறதையும் பாக்கலாம். தண்ணிக்குக் கூட நிக்காது. தட்டான் தாழப் பறந்தா மழைன்னு அம்மா சொல்வாங்க. மழைக்கு முன்னாடி இதுவும் தாழத்தான் பறக்கும், பூச்சி எங்க இருக்கோ அங்கதானே சாப்பாடு. மழை விட்டு ஈசல் கிளம்புற அன்னைக்கு இதுக்கு தலைவாழை விருந்து.

மெர்லின் ஆப் இதெல்லாம் சொல்லாதான்னு கேப்பீங்க. தெளிவான போட்டோ குடுத்தா சொல்லும். வானத்துல கறுப்புப் புள்ளியா இருக்கிற போட்டோவைக் குடுத்தா அதுவும் என்னை மாதிரிதான், தைரியமா தப்பு சொல்லும்.

இப்ப வால் விஷயத்துக்கு வரேன். எனக்கு இந்தப் பறவை மேல பைத்தியம் பிடிச்சது இங்கதான்.

எல்லா புக்லயும் தகைவிலானுக்கு வால்ல ரெண்டு நீளமான இறகு, நூல் மாதிரி தொங்கும். அக்டோபர்ல பெரியம்மா வீட்டு வாசல்ல நின்னு பைனாகுலர்ல பாத்தேன், ஒண்ணுக்கும் நீள வால் இல்ல. கட்டை வால், மங்கின தொண்டை, அங்கங்க இறகு கொட்டின இறக்கை. மறுபடியும் தப்பான பறவையைப் பாத்துட்டு இருக்கேன்னு நெனச்சேன். பெரியம்மா உள்ள இருந்து, "இன்னாடா, கம்பியவே பாத்துனு நிக்கிற? கரண்ட் போச்சா?"ன்னாங்க.

தப்பான பறவை இல்ல. இவ்வளவு தூரம் பறந்து வந்த பிறகு, தகைவிலான் பழைய இறகை எல்லாம் நம்ம ஊர்லதான் கழட்டும். ஒரேயடியா இல்ல, ஒவ்வொண்ணா. ஒண்ணு விழுந்து புதுசு வளர்ந்த பிறகுதான் அடுத்தது. பறந்துட்டே பூச்சி பிடிக்கிறவனால ஒரு நாள் கூட பறக்காம இருக்க முடியாதே. ஓடுற பஸ்ஸுக்கு டயர் மாத்துற வேலை, மாசக்கணக்குல நடக்கும். அந்த வருஷம் பொறந்த குஞ்சுங்களும் இங்கதான் பெரியவங்க உடுப்பு போடும். பிப்ரவரி கடைசியில போய்ப் பாத்தா அதே கம்பியில வேற பறவைங்க மாதிரி இருக்கும். முதுகு பளபளன்னு, தொண்டை செக்கச் செவேல்னு, வால் நீளமா.

வால் எதுக்கு? கல்யாணத்துக்கு. 1988-ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு டென்மார்க் ஆய்வு இருக்கு. ஆண் தகைவிலான்களோட வால் இறகை வெட்டி, சிலதுக்குக் குட்டையாக்கி, சிலதுக்கு ஒட்டுப் போட்டு நீளமாக்கிப் பாத்தாங்க. நீள வால்காரனுக்கு சீக்கிரம் ஜோடி கிடைச்சுது. ஜப்பான்ல பண்ண ஆய்வுகள்ல தொண்டை நிறத்துக்கும் மார்க் உண்டுன்னு தெரிஞ்சுது.

திருவிடந்தை எதுக்குப் பேர் போன ஊர்னு உங்களுக்கே தெரியும். நித்யகல்யாணப் பெருமாள் கோயில். கல்யாணம் தள்ளிப் போறவங்க மாலை வாங்கிச் சாத்தி, அதையே கழுத்துல போட்டுக்கிட்டு ஒன்பது சுத்து சுத்துவாங்க. கல்யாணம் ஆனதும் அந்தக் காஞ்ச மாலையோட ஜோடியா திரும்பி வருவாங்க. எங்க அக்காவும் சுத்தினா. முகூர்த்த மாசத்துல பெரியம்மா வீட்டுத் தெருவுல கார் நிறுத்த இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்கு மேல, கம்பியில உக்காந்து, ஒருத்தர் கண்ணுலயும் படாம இவனும் கல்யாணத்துக்குத் தயாராகிட்டு இருக்கான். இதை நான் கற்பனை பண்ணிச் சொல்லல. மாப்பிள்ளை உடுப்பு தைக்கிறது நம்ம ஊர்ல, கல்யாணம் இமயமலைச் சரிவுலயோ அதுக்கும் வடக்கயோ.

இப்ப அந்த 'வெளிநாட்டு விருந்தாளி'யை எடுத்துக்குங்க. செப்டம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் எண்ணுங்க. ஏழு மாசம். வடக்க கூடு கட்டி, முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு முடிக்கிறதெல்லாம் மீதி மாசத்துல, அதுலயும் போக்குவரத்துக்கு சில வாரம் போயிடும். வருஷத்துல பெரும்பாதி இங்க இருக்கிறவன் எப்படி விருந்தாளி ஆவான்? விருந்தாளி ரெண்டு நாள் தங்குவார், நாம காபி போட்டுக் குடுப்போம். இவன் ஹாஸ்டலர். எனக்கு சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வருஷத்துல ஒன்பது மாசம் இங்க சாப்பிட்டு, இங்க காய்ச்சல் வந்து, இங்க வளர்ந்திருக்கேன். லீவுக்குப் போற வீடுதான் என் வீடுன்னும், இந்த நாலு வருஷம் ஏதோ டூர் வந்ததுன்னும் யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

வெறும் சென்டிமென்ட் பிரச்சினைன்னா இதை ஒரு மீம் போட்டு முடிச்சிருப்பேன். விருந்தாளின்னு சொல்லிட்டா நம்ம பொறுப்பு குறைஞ்சிடுது, அதுதான் பிரச்சினை. பறவை குறைஞ்சா, 'அவங்க ஊர்ல ஏதோ ஆயிடுச்சு போல'ன்னு விட்டுடலாம். ஆனா ஐரோப்பாவில கூடு கட்டுற தகைவிலான்களை வச்சுப் பண்ண ஆய்வுகள்ல, அதுங்க குளிர்காலத்தைக் கழிக்கிற ஆப்பிரிக்காவில மழையும் பச்சையும் நல்லா இருந்த வருஷத்துக்கு அப்புறம் அதுங்க சீக்கிரம் வந்து சேருது, குஞ்சும் கூடுதலா வளர்க்குதுன்னு தெரிஞ்சிருக்கு. அதாவது, இங்க ஜனவரியில எவ்வளவு பூச்சி கிடைக்குதோ அது அங்க ஜூன்ல தெரியும். இந்தக் கடற்கரையோட தண்ணி தேங்குற தாழ்வான நிலம், வயல், குட்டை, கோரைப்புல், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம், எல்லாம் அதோட ஹாஸ்டல் மெஸ். பெரியம்மா தெருவுக்குப் பின்னாடி நான் ஃபர்ஸ்ட் இயர்ல பாத்த ஒரு குட்டையில இப்ப கலர் கல் நட்டு, கொடி கட்டி ப்ளாட் போட்டிருக்காங்க. அங்க ஒரு அறிவிப்புப் பலகை, 'இயற்கை எழில் சூழ்ந்த மனைகள்'. வேற என்ன சொல்ல.

ப்ளாட்டே போடாதீங்கன்னு சொல்ற இடத்துல நான் இல்ல. எங்கப்பாவே இசிஆர்ல ஒரு கிரவுண்டுக்கு விலை கேட்டவர்தான். எங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு கட்டலாமேன்னுதான் சொல்றேன். தென்னாப்பிரிக்காவில டர்பன் பக்கத்துல மவுன்ட் மோர்லேண்ட்னு ஒரு இடத்துல நாணல் காடு. அங்க முப்பது லட்சம் வரைக்கும் தகைவிலான்கள் ராத்திரி தங்க வரும். நம்ம கம்பியில உக்காருற அதே இனம்தான், ஐரோப்பாவில இருந்து அந்தப் பக்கம் போறது. அந்த நாணல் காட்டுக்குப் பக்கத்துலயே கிங் ஷாகா விமான நிலையம் கட்ட முடிவாச்சு. முதல்ல நாணலை அழிச்சிடலாம்னுதான் பேச்சு. எதிர்ப்பு வந்துச்சு. கடைசியில பறவைக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கிற ரேடார் வச்சு, சாயங்காலம் கூட்டம் இறங்குற நேரத்துல விமானத்தோட வரவை அதுக்குத் தக்க மாத்துற ஏற்பாட்டோட 2010 மே மாசம் திறந்தாங்க. அதைப் பண்ணது யாரு? இன்ஜினியருங்க. நம்ம சிலபஸ்ல ரேடார் ஈக்வேஷன் இருக்கு, இந்தக் கதை இல்ல.

இன்னொரு இன்ஜினியரிங் கணக்கும் சொல்றேன். ஐரோப்பாவில பல நூற்றாண்டா இது குளிர்காலத்துல எங்க போகுதுன்னே தெரியாது. பொந்துல தூங்குதுன்னு அரிஸ்டாட்டில் எழுதி வச்சாரு. 1555-ல ஸ்வீடன்காரர் ஒலாஸ் மாக்னஸ், தண்ணிக்கு அடியில கொத்துக் கொத்தா கிடக்கும், மீனவங்க வலையில வரும்னே எழுதினாரு. 1911 மே மாசம் இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ஒரு தகைவிலான் கால்ல நம்பர் போட்ட வளையம் மாட்டி விட்டாங்க. அது 1912 டிசம்பர்ல தென்னாப்பிரிக்காவில நேட்டால்ல கிடைச்சுது. ஒரு சின்ன அலுமினிய வளையம் அத்தனை நூற்றாண்டுக் கதையை முடிச்சு வச்சுது.

இப்ப ஜி.பி.எஸ். மாட்டி விட வேண்டியதுதானேன்னு தோணும். தகைவிலானோட எடை ஏறக்குறைய 20 கிராம். நாலு ஏ-ஃபோர் பேப்பரை அடுக்கினா அவ்வளவுதான். பறவை மேல மாட்டுற கருவி அதோட எடையில மூணுல இருந்து அஞ்சு சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு வழக்கம். மூணு சதவீதம்னா 0.6 கிராம், ஒரு ஏ-ஃபோர் பேப்பரை எட்டாக் கிழிச்சதுல ஒரு துண்டு. அதுக்குள்ள பேட்டரி, ஆன்டெனா, சிப் எல்லாம். பெரிய வாத்துக்கும் கழுகுக்கும் மாட்டுற சேட்டிலைட் டேக் இதுக்கு நடக்காது. வெளிச்சத்தைப் பதிவு பண்ணி இடத்தைக் கணக்குப் போடுற ஜியோலொக்கேட்டர் இந்த எடைக்குள்ள வரும், ஆனா அதே பறவையை அடுத்த வருஷம் மறுபடியும் பிடிச்சாத்தான் டேட்டா கையில வரும். நம்ம டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் அதே லைன் ஃபாலோயர் ரோபோவும் ஸ்மார்ட் டஸ்ட்பினும் ப்ராஜெக்டா வருது. (என்னுதும் அப்படி ஒண்ணுதான், மறைக்கல.) அரை கிராம் பிரச்சினை ஒண்ணு தலைக்கு மேலயே உக்காந்திருக்கு.

அது வரைக்கும் நம்ம கையில இருக்கிறது எண்றது மட்டும்தான். பொங்கல் பறவை கணக்கெடுப்பும் பிப்ரவரி கேம்பஸ் கவுன்ட்டும் இதுக்காகத்தான் இருக்கு. ஆனா அதுலயும் நாம பண்றது, அபூர்வமா ஒண்ணு கிடைச்சா குதிச்சு என்ட்ரி போடுறது, வெறும் தகைவிலானை விட்டுடறது. அபூர்வப் பறவை ஒண்ணு காணாம போனா பத்துப் பேர் பதறுவாங்க. சாதாரணப் பறவை 43-ல இருந்து 30 ஆகி, 30-ல இருந்து 15 ஆனா ஒருத்தருக்கும் தெரியாது, யாரும் 43-ன்னு எழுதி வைக்கலன்னா.

2018 ஏப்ரல்ல இதே திருவிடந்தையில டிஃபெக்ஸ்போ நடந்துச்சு. நான் அப்ப ஒன்பதாவது. லீவுக்கு பெரியம்மா வீட்டுக்கு வந்த இடத்துல, பீரங்கியும் ஹெலிகாப்டரும் பாக்கலாம்னு அப்பா கூட்டிட்டுப் போனாரு. அந்த வாரம் தகைவிலான்ங்க வடக்க கிளம்புற நேரம். அன்னைக்கெல்லாம் அண்ணாந்தே பாத்துட்டு இருந்தும் ஒண்ணைக் கூட கவனிச்ச ஞாபகம் இல்ல.

இந்த வருஷம் அக்டோபர்ல இருந்து, செமஸ்டர் எக்ஸாம் தவிர, ஏறக்குறைய எல்லா சனிக்கிழமையும் எண்ணிட்டு வரேன். ஒரே கம்பி, ஒரே நேரம். டீக்கடை அண்ணன் முதல்ல என்னை ஈ.பி. ஆள்னு நெனச்சாரு. "கம்பி அறுந்துடுச்சா தம்பி?"ன்னு கேட்டவர் இப்ப, "இன்னைக்கு கம்மிதான், மத்தியானமே நிறைய போயிடுச்சு"ன்னு ரிப்போர்ட் குடுக்கிறாரு. போன சனிக்கிழமை 26. அதுல 19-க்கு நீள வால். மார்ச் முடியப் போகுது.

எனக்கும் மே மாசத்தோட ஹாஸ்டல் காலி. வர்ற செப்டம்பர்ல எந்த ஊர்ல வேலைன்னு தெரியாது. அதனால நோட்டை எடிட்டர் கிட்ட குடுத்துட்டுப் போறேன். செகண்ட் இயர், தர்ட் இயர்ல யாராவது எடுத்துக்குங்க. டீக்கடைக்கு எதிர்க் கம்பத்துல இருந்து வடக்குப் பக்கம் அடுத்த கம்பம் வரைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை. பைனாகுலர் இல்லன்னாலும் பரவால்ல, தொண்டை கலர் வெறும் கண்ணுக்கே தெரியும். வடை ஆறு மணிக்குள்ள தீந்துடும்.